பாவித்த கிளைடரும் பாவித்த மிக் விமானமும்

"உலகம் முழுவதும் பாவித்த விமானங்களை வாங்கத்தான் செய்கிறார்கள். இலங்கை வாங்கியதில் மட்டும் என்ன குற்றம் கண்டீர்கள்?" 2006ஆம் ஆண்டின் மிக்-27 கொள்வனவு பற்றிப் பேச்செழும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் கூடவே எழுகிறது. அண்மையில் புலம்பெயர்ந்து வாழும் நண்பர் ஒருவரும் இதையே கேட்டார். கிளைடர் கழகங்கள்கூட முப்பது, நாற்பது வருடப் பழைய கிளைடர்களை ஜேர்மனியிலிருந்து தருவித்துக்கொள்கின்றனவே என்று உதாரணமும் தந்தார். தந்த உதாரணத்தை அவர் சற்று ஆராய்ந்திருக்கலாம். அவருடைய வாதத்தை அதுவே கவிழ்த்துவிடுகிறது.

கிளைடரை வின்ச்சினாலோ வேறொரு விமானத்தினாலோ இழுத்து உயர்த்துவார்கள். பிறகு இயந்திரத்தின் துணையின்றி, மேலெழும் வெப்பக்காற்றைப் பற்றிக்கொண்டு அது மணிக்கணக்கில் மிதக்கும். இன்று சந்தைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை கண்ணாடியிழையால் ஆனவை. ஷ்லைஹர் நிறுவனத்தின் ஏஎஸ்கே-21 என்ற பயிற்சிக் கிளைடர் 1979இல் முதன்முதலாகப் பறந்தது. அந்தத் தலைமுறைக் கிளைடர்கள் பல இன்னமும் மாணவர்களைச் சுமந்து பறக்கின்றன. ஆகவே, பழையது என்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் அதை வாங்குபவர் எப்படி வாங்குகிறார்? முதலில் பறப்புப் பதிவேட்டைக் கேட்கிறார். எத்தனை மணி நேரம் பறந்தது, எத்தனை தடவை தரையிறங்கியது, எங்கே அடிபட்டது, யார் பழுதுபார்த்தார்கள், அதில் ஒப்பமிட்டவர் யார் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். ஜேர்மனியக் கண்ணாடியிழைக் கிளைடர்கள் பலவற்றுக்கு 3,000 மணி நேரத்தில் ஒரு விசேட பரிசோதனை உண்டு. அது நடந்ததா என்று விசாரிக்கிறார். வெயிலில் வெடித்துப்போன ஜெல்கோட் மேற்பூச்சைச் சுரண்டிப் புதுப்பிக்கும் செலவு, சில வேளைகளில் கிளைடரின் விலையையே எட்டிவிடும் என்பதை அறிந்து, நம்பிக்கையான ஒருவரை நேரில் அனுப்பிப் பார்க்கிறார். இவை எல்லாம் முடிந்த பின்னர்தான் சிறகுகளைக் கழற்றி, இழுவை வண்டியோடு நாற்பதடிக் கொள்கலனில் ஏற்றுகிறார்கள். வந்திறங்கிய நாட்டிலும் பதிவு, பறப்புத் தகுதிச் சான்றிதழ் என்று கதை தொடரும். வார இறுதியில் பறந்து மகிழ்வதற்காகச் சிலர் பணம் சேர்த்து வாங்கும் ஒரு பொருளுக்கு இவ்வளவு விசாரணை.

இது வீண் சந்தேகமுமல்ல. செக்கோஸ்லோவாக்கியாவில் உருவான எல்-13 பிளானிக் என்ற உலோகக் கிளைடர் 2,600க்கும் அதிகமாகத் தயாரிக்கப்பட்டு உலகெங்கும் பரவியது. மலிவான பாவித்த கிளைடர் தேடியவர்களுக்கு அது வரப்பிரசாதமாக இருந்தது. 2010 ஜூன் 12இல் ஒஸ்திரியாவில் ஒரு பிளானிக்கின் சிறகு பறப்பிலேயே முறிந்து, அதிலிருந்த இருவரும் மாண்டனர். உலோகச் சோர்வினால் சிறகின் பிரதான சட்டத்தில் ஏற்பட்ட விரிசலே காரணம். உலகின் பிளானிக்குகள் அனைத்தும் தரையில் நிறுத்தப்பட்டன. உலோகச் சோர்வு மணிக்கணக்கைப் பொறுத்தது மட்டுமல்ல. அந்த மணிகளை அது எப்படிப் பறந்து கழித்தது, வான்சாகசத்துக்கு எவ்வளவு பாவிக்கப்பட்டது என்பதையும் பொறுத்தது. பதிவேடு பொய் சொன்னால் விலையாவது உயிர்தான்.

இனி மிக் விமானங்களுக்கு வருவோம். 2000ஆம் ஆண்டில் உக்ரேனிலிருந்து பாவித்த மிக்-27 விமானங்கள் ஆறை இலங்கை வாங்கியது. ஒன்றின் விலை ஏறத்தாழ 17.5 இலட்சம் டொலர் எனப் பத்திரிகைகள் எழுதின. 2006இல் அதே ரகத்தில் மேலும் நான்கு வாங்கப்பட்டன. 1980க்கும் 1983க்கும் இடையில் தயாரிக்கப்பட்டவை எனச் செய்திகள் கூறிய இவற்றின் விலை, ஒன்றுக்கு 24.6 இலட்சம் டொலர். கொழும்பில் ரீகண்டிஷன் கார் விற்பவர்கூட வருடம் ஏறினால் விலை இறங்கும் என்பார். இங்கே வருடமும் ஏறியது, விலையும் ஏறியது. அரசுக்கும் அரசுக்கும் இடையிலான நேரடிக் கொள்வனவு என்றார்கள். பணமோ பிரித்தானிய முகவரி கொண்ட ஒரு நிறுவனத்துக்குச் சென்றதாகச் செய்தி வந்தது.

இந்த விமானங்கள் யாருடைய தலைக்கு மேல் குண்டு வீசப் பறந்தன என்பது வன்னி மக்களுக்குத் தெரியும். அந்தக் கணக்கு வேறு. அதை ஒரு பதிவில் அடக்கிவிட முடியாது. இங்கே நான் கேட்பது கிளைடர் வாங்குபவரின் கேள்வியை மட்டுமே. பதிவேடு எங்கே? பரிசோதித்தவர் யார்? பணம் யாரிடம் போனது?

பாவித்த பொருள் வாங்கும் எவரும் கேட்கும் இந்தக் கேள்விகளைப் பத்திரிகையாளர் கேட்டபோது நடந்தது என்ன? சண்டே ரைம்ஸின் பாதுகாப்பு விவகார எழுத்தாளர் இக்பால் அத்தாஸ் இதுபற்றி எழுதினார். 2007 ஓகஸ்ட்டில் அவருக்கு வழங்கப்பட்டிருந்த பாதுகாப்பு விலக்கிக்கொள்ளப்பட்டது. சண்டே லீடர் ஆசிரியர் லசந்த விக்ரமதுங்கவும் எழுதினார். அன்றைய பாதுகாப்புச் செயலாளர் கோத்தாபய ராஜபக்ஷ அப்பத்திரிகைமீது மானநஷ்ட வழக்குத் தொடுத்தார். வழக்கு நிலுவையில் இருக்கையில், 2009 ஜனவரி 8ஆம் திகதி காலை, அலுவலகத்துக்குச் செல்லும் வழியில் லசந்த தாக்கிக் கொல்லப்பட்டார். இத்தகைய செய்திகளுக்காகவே தந்தை கொல்லப்பட்டார் எனக் கூறி அவரது மகள் 2019இல் கோத்தாபயவுக்கு எதிராகக் கலிபோர்னியாவில் வழக்குத் தாக்கல் செய்தார். பதவிவழி வந்த விலக்குரிமையைக் காரணம் காட்டி நீதிமன்றம் அதே ஆண்டிலேயே அதைத் தள்ளுபடி செய்தது. குற்றச்சாட்டை அது விசாரிக்கவே இல்லை.

பாவித்ததை வாங்கினால் என்ன என்று கேட்கும் நண்பருக்கு என் பதில் இதுதான்: தாராளமாக வாங்கலாம். ஆனால் எந்தக் கிளைடர் கழகத்திலாவது, பதிவேட்டைக் காட்டுங்கள் என்று கேட்ட உறுப்பினரை வீதியில் வைத்துக் கொன்றதாக நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?