ஸ்ட்ரைக்கருக்கு மாலை, ஸ்டாப்பருக்கு வசவு

சீசன் முடிந்து மே மாதம் பிறந்துவிட்டால் கொல்கத்தாவில் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். டீக்கடைக்காரர், மெட்ரோவில் பக்கத்து சீட்காரர், பாஸ்புக் பதிய கவுண்டருக்கு வருகிற பெரியவர், யாராயிருந்தாலும் சரி. "இந்தத் தடவை யாரை எடுக்கறாங்க?" கேள்வி பொதுவாகத்தான் இருக்கும். எதிர்பார்க்கிற பதில் மட்டும் ஒரு ஸ்ட்ரைக்கர் பெயர். ஒரு ஸ்டாப்பர் பெயரைச் சொல்லிப் பாருங்கள். "ஓ, அப்படியா" என்று டீயைக் குடித்துவிட்டு நடையைக் கட்டிவிடுவார்கள்.

நம்மாட்கள் மட்டும் என்ன வாழ்ந்தார்கள்! டில்லி, மும்பை, புனே என்று எங்கெங்கோ இருந்துகொண்டு சென்னையின் எஃப்.சி.க்காக டி.வி. முன்னால் குடும்பத்தோடு கத்துகிற ஜனங்களைத்தான் சொல்கிறேன். ஆஃப்-சீசனில் நண்பர்கள் அனுப்புகிற செய்தி எல்லாம் "கோல் அடிக்க ஆள் இல்லை, ஒரு நல்ல ஃபார்வர்ட் வேணும்" என்பதுதான். கோல் வாங்காமல் இருக்க ஆள் வேண்டாமா சாமி?

ஒரு டீமின் அடுத்த சீசன் எப்படிப் போகும் என்பது, ஆஃப்-சீசனில் அவர்கள் பின்வரிசைக்கு என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இதுதான் என் கட்சி. அதிலும் ஒரு பெரிய பெயரைக் கொத்திக்கொண்டு வந்துவிட்டால் டிஃபென்ஸ் பலமாகிவிட்டது என்று நினைப்பது சுத்தப் பேத்தல். டிஃபென்ஸ் என்பது ஜோடி. ஜோடி சேர்க்க வேண்டும், சேர்த்ததைப் பொறுமையாகக் காப்பாற்ற வேண்டும்.

சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. ஒரே ஊர், ஒரே கோடைக்காலம், இரண்டு கிளப். 2024.

அதற்கு முன்னால் ஒன்று. நான் மோகன் பாகனின் பச்சை-மெரூன் கட்சியும் இல்லை, ஈஸ்ட் பெங்காலின் சிவப்பு-மஞ்சள் கட்சியும் இல்லை. இந்த ஊரில் முன்னவர்கள் இறால் கட்சி, பின்னவர்கள் இலிஷ் மீன் கட்சி. தயிர்சாதக் கட்சிக்காரனை இரண்டு பேருமே கணக்கில் சேர்ப்பதில்லை :-)

2024 மே 4. சால்ட் லேக் மைதானத்தில் ஐ.எஸ்.எல். கோப்பை இறுதிப் போட்டி. லீக்கில் முதலிடம் பிடித்து ஷீல்டு வாங்கியிருந்த மோகன் பாகன், சொந்த ஊர் ஜனங்கள் முன்னால் மும்பை சிட்டியிடம் முதல் கோலைப் போட்டுவிட்டு 1-3 என்று தோற்றது. அந்த சீசனின் லீக் கணக்கைப் பாருங்கள். மோகன் பாகன் 22 ஆட்டத்தில் அடித்தது 47, வாங்கியது 26. மும்பை அடித்தது 42, வாங்கியது வெறும் 19. ஓட்டை எங்கே இருந்தது என்று பி.காம். முதல் வருஷப் பையன்கூடச் சொல்லிவிடுவான்.

அந்தக் கோடையில் மோகன் பாகன் என்ன செய்தது? தலைப்புச் செய்தி ஆனது ஜேமி மெக்லாரன். ஆஸ்திரேலிய லீக் வரலாற்றிலேயே அதிக கோல் அடித்தவர், கேட்கவா வேண்டும். ஆனால் அதே கோடையில் சத்தமில்லாமல் இன்னொரு வேலை நடந்தது. பின்வரிசையில் ஆடிக்கொண்டிருந்த ஹாமிலும் ஹெக்டர் யூஸ்டேயும் போனார்கள். பிரிஸ்பேனிலிருந்து டாம் ஆல்ட்ரெட், இந்தோனேசியாவின் பெர்சிப் பாண்டுங் கிளப்பிலிருந்து ஆல்பர்ட்டோ ரோட்ரிகஸ் என்று இரண்டு ஸ்டாப்பர்கள் வந்தார்கள். புதுக் கோச் ஹோசே மோலினா.

ஐ.எஸ்.எல். விதிப்படி ஒரே நேரத்தில் களத்தில் 4 வெளிநாட்டுக்காரர்கள்தான் ஆடலாம். அந்த நாலு இடம்தான் கிளப்பின் மூலதனம். அதில் இரண்டைக் கொண்டுபோய் பின்னால் போடுவது என்றால் முன்னால் இரண்டு வெளிநாட்டு ஆட்டக்காரர்களை விட்டுக்கொடுப்பது என்று அர்த்தம். கைதட்டல் வாங்கித் தருகிற முடிவு இல்லை அது. இருந்தும் செய்தார்கள்.

செய்தவுடனே பலன் கிடைத்ததா என்றால், அதுவும் இல்லை. ஆகஸ்ட் 31, டூரண்ட் கோப்பை இறுதிப் போட்டி. 2-0 என்று முன்னால் இருந்துவிட்டு 2-2 ஆகி, பெனால்டியில் நார்த்ஈஸ்ட் யுனைடெட்டிடம் கோப்பையைக் கோட்டை விட்டார்கள். ஐ.எஸ்.எல். முதல் ஆட்டத்தில் மும்பையோடு மறுபடியும் 2-0 லீட், மறுபடியும் 2-2. அடுத்து நார்த்ஈஸ்டை 3-2 என்று தட்டுத்தடுமாறி ஜெயித்தார்கள். அடுத்து பெங்களூரிடம் 0-3. மூன்று லீக் ஆட்டத்தில் 7 கோல் வாங்கியாயிற்று. ஊர் சும்மா இருக்குமா? கோச்சை மாற்று, ஸ்டாப்பரை மாற்று என்று ஆளாளுக்கு நாட்டாமைத் தீர்ப்பு.

மோலினா மசியவில்லை. பின்வரிசையைக் கலைத்துப்போடாமல் ஆட விட்டார். அதற்கப்புறம் நடந்த 21 ஆட்டத்தில் மோகன் பாகன் வாங்கியது 9 கோல். ஆமாம், ஒன்பதே ஒன்பது. மொத்த சீசனில் 24 ஆட்டம், 16 கோல். கோல் கீப்பர் விஷால் கைத் 15 ஆட்டத்தில் ஒரு கோல்கூட விடவில்லை. 56 புள்ளியோடு ஷீல்டு, பிறகு 2025 ஏப்ரல் 12ல் பெங்களூரை 2-1 என்று வென்று கோப்பையும்.

இப்போது என்னோடு சேர்ந்து ஒரே ஒரு எண்ணைப் பாருங்கள். அந்த சீசனில் மோகன் பாகன் அடித்த கோல் எவ்வளவு? 47. போன சீசனில் அடித்தது? அதே 47. அதுவும் இந்தத் தடவை இரண்டு ஆட்டம் கூடுதல். மெக்லாரன் நன்றாகவே ஆடினார், குறை சொல்லவில்லை. ஆனால் கூட்டிக் கழித்துப் பார்த்தால் வரவுப் பக்கம் அசையவே இல்லை. செலவுப் பக்கம்தான் 26லிருந்து 16 ஆனது. மாலை மரியாதை எல்லாம் வரவுக்காரருக்கு!

சரி, அதே கோடையில் ஈஸ்ட் பெங்கால் என்ன செய்தது? அவர்களுக்கும் டிஃபென்ஸ் வேண்டும் என்று தெரிந்திருந்தது. அதற்கு அவர்கள் கண்ட வழி அன்வர் அலி.

அன்வர் சாதாரண ஆள் இல்லை. 2017ல் நம் நாட்டில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் ஆடிய பஞ்சாப் பையன். 2019ல் இதயக் கோளாறு என்று கண்டுபிடித்து, இனி ஆட முடியுமா என்றே சந்தேகம் வந்து, போராடித் திரும்பி வந்தவர். டெல்லி எஃப்.சி.யிலிருந்து நாலு வருஷ லோனில் 2023ல் மோகன் பாகனுக்கு வந்தார். ஒரே வருஷத்தில் அந்த லோனை முறித்துக்கொண்டு ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் எதிர் கிளப்புக்குப் போனார். வம்பு வழக்கானது. 2024 செப்டம்பரில் அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பின் குழு அவருக்கு 4 மாதத் தடை, மூன்று தரப்பும் சேர்ந்து கட்ட 12.90 கோடி ரூபாய் இழப்பீடு, இரண்டு கிளப்புக்கும் ஆள் பதியத் தடை என்று தீர்ப்பு சொன்னது. விஷயம் டில்லி உயர் நீதிமன்றம் போய், அந்த உத்தரவு நிற்காமல், அவர் ஆட வந்தார். ஒப்பந்தத்தில் யார் பக்கம் நியாயம் என்று நான் சொல்லப் போவதில்லை. அதற்கு வக்கீல்கள் இருக்கிறார்கள்.

நான் கேட்பது வேறு. ஆஃப்-சீசன் என்பது நாலு பின்வரிசை ஆட்டக்காரர்களும் கோல் கீப்பரும் ஒன்றாக நின்று பழக வேண்டிய காலம். அந்தக் காலத்தை ஒரு ஆள் வருவாரா மாட்டாரா என்று கோர்ட்டைப் பார்த்துக்கொண்டே கழித்தால் சீசன் எப்படித் தொடங்கும்? இப்படித்தான்: முதல் ஆறு ஆட்டமும் தோல்வி. அடித்தது 4, வாங்கியது 12. மூன்றாவது தோல்வியோடு கோச் குவாத்ராத் போய்விட்டார். முந்தைய சீசனில் 13 கோல் அடித்துத் தங்கக் காலணி வாங்கிய டயமன்டகோஸ் இதே டீமில்தான் இருந்தார். மோகன் பாகன் அனுப்பிய யூஸ்டேயும் இங்கேதான் வந்திருந்தார். பெயர்களுக்குக் குறைச்சலே இல்லை. முடிவில் 28 புள்ளி, ஒன்பதாவது இடம். மோகன் பாகனோடு ஆடிய இரண்டு லீக் டெர்பியும் தோல்வி, அதிலும் ஒரு கோல்கூடப் போடவில்லை.

அன்வர் மோசமாக ஆடினார் என்று நான் சொன்னதாக யாரும் திரிக்க வேண்டாம். தனி ஆளாக எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வரிசை இல்லாமல் ஸ்டாப்பர் இல்லை என்கிறேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி, இரண்டு அதிகாரிகள் கையில். ஜாயின்ட் கஸ்டடி என்போம். ஒருவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் தனியாகத் திறக்கவும் முடியாது, பூட்டவும் முடியாது. ஒருவர் மாறினால் சாவியை ஒப்படைத்து, கையெழுத்துப் போட்டு, இருப்பை எண்ணிப் பார்த்து, பிறகுதான் அடுத்த வேலை. இரண்டு ஸ்டாப்பர்களும் அப்படித்தான். ஒருவர் முன்னேறிப் பந்தைத் தட்டப் போனால் மற்றவர் பின்னால் காவல் நிற்க வேண்டும். ஆஃப்சைடுக்கு வரிசை ஏறும்போது எல்லோரும் ஒரே நொடியில் ஏற வேண்டும். இதையெல்லாம் காசு கொடுத்து வாங்க முடியாது. பழகித்தான் வரும்.

"காசு இருக்கிற கிளப், இரண்டு வெளிநாட்டு ஸ்டாப்பர் வாங்கும், நமக்குக் கட்டுமா?" என்று சென்னை நண்பர்கள் கேட்பார்கள். காசு விஷயம் நிஜம்தான். ஆனால் நம் கதை என்ன சொல்கிறது?

2018 மார்ச் 17. பெங்களூரில், பெங்களூரை 3-2 என்று வென்று சென்னையின் இரண்டாவது தடவையாகச் சாம்பியன். மூன்றில் இரண்டு கோல் தலையால் முட்டியவர் ஸ்டாப்பர் மெய்ல்சன் ஆல்வெஸ். அந்த லீக் சீசனில் 18 ஆட்டத்தில் அடித்தது 24, வாங்கியது 19. ஆஃப்-சீசனில் அவருடைய ஜோடியான கேப்டன் செரேனோ இல்லாமல் போனார். எலி சாபியா வந்தார். பின்வரிசைக்கு முன்னால் கவசம் மாதிரி நின்ற நம்ம வியாசர்பாடிப் பையன் தன்பால் கணேஷ் முழங்கால் காயத்தால் சீசன் முழுக்க ஆடவில்லை. 2018-19ல் என்ன ஆனது? 18 ஆட்டம், 9 புள்ளி, கடைசி இடம். சாம்பியன் பட்டம் வாங்கி ஒரே வருஷத்தில்!

அப்போது எல்லோரும் திட்டியது ஜெஜேயை. கோல் அடிக்கவில்லையாம். கணக்கைப் பாருங்கள். அடித்த கோல் 24லிருந்து 16, அதாவது 8 குறைவு. வாங்கிய கோல் 19லிருந்து 32, அதாவது 13 அதிகம். எது பெரிய ஓட்டை? ஒரு காயத்தைத் தடுக்க யாராலும் முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காயம் வந்தால் யார் நிற்பது என்று கோடையிலேயே யோசித்து வைப்பதற்குத்தானே நிர்வாகம்? வாராக்கடன் வருமென்று தெரிந்துதானே முன்கூட்டியே ஒதுக்கீடு வைக்கிறோம்?

இந்த ஊருக்கு ஒரு பெருமை உண்டு. ஈடன் கார்டன் பக்கம் போனால் கோஷ்ட பால் சிலையைப் பார்க்கலாம். வெறும் காலோடு பூட்ஸ் போட்ட வெள்ளைக்காரர்களைத் தடுத்து நிறுத்திய மோகன் பாகன் பேக். சீனப் பெருஞ்சுவர் என்று பெயர் வாங்கியவர். 1962ல் பத்மஸ்ரீ. அங்கே இருக்கிற சாலைக்கும் அவர் பெயர்தான். கோலைத் தடுத்தவனுக்கும் சிலை வைத்த ஊரில்தான் இன்று ஆஃப்-சீசன் என்றால் கோல் அடிக்கிறவன் பெயரை மட்டும் கேட்கிறார்கள்.

இது பெரியவர்களோடு நின்றால் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோச்சிங் கேம்ப் வாசலில் நம் அப்பா அம்மாக்கள் பேசுவதைக் கேளுங்கள். "சார், எங்க பையனை ஃபார்வர்டாப் போடுங்க சார்." பின்னால் நிறுத்தினால் தண்டனை கொடுத்த மாதிரி முகம் சுருங்கிவிடுகிறது. பத்து வயசுப் பையன் அதைப் பார்க்கிறான். நாலு தடவை பந்தைத் தடுத்துவிட்டு வந்தவனிடம் "எத்தனை கோல் போட்டே?" என்று கேட்டால் அவன் ஏன் நாளைக்கு ஸ்டாப்பராக நிற்பான்? அப்புறம் நம் ஊர் கிளப்புக்கு ஸ்டாப்பர் வேண்டுமென்றால் ஸ்பெயினுக்கும் பிரேசிலுக்கும்தான் ஆள் அனுப்ப வேண்டும்.

2025 கோடையில் ஐ.எஸ்.எல். நடக்குமா என்பதே சந்தேகமாகி, போட்டிகள் தள்ளிப்போய், கிளப்புகள் சம்பளத்துக்கே திண்டாடின. கையில் காசு குறைவாக இருக்கும்போதுதான் இந்தப் புத்தி இன்னும் அவசியம். ஒரு பெரிய ஃபார்வர்டுக்குக் கொட்டுகிற காசில், இருக்கிற ஸ்டாப்பர் ஜோடியை இன்னும் இரண்டு வருஷம் பிடித்து வைக்கப் பாருங்கள்.

ஆகவே அடுத்த ஆஃப்-சீசனில் சென்னையின் நிர்வாகத்தை நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. போன சீசனில் பின்னால் நின்றவர்களில் எத்தனை பேரைத் தக்கவைத்தீர்கள்? ஸ்டாப்பர் ஜோடி யார், எத்தனை வருஷ ஒப்பந்தம்? அவர்களுக்கு முன்னால் நிற்பவர் யார், அவருக்குக் காயம் என்றால் அடுத்தவர் யார்? நம்ம ஊர்ப் பையன் எவனாவது அந்த வரிசையில் பழகிக்கொண்டிருக்கிறானா? இதற்கெல்லாம் பதில் சொன்ன பிறகு, ஸ்ட்ரைக்கர் பெயரைச் சொல்லட்டும். மாலையோடு போய் வரவேற்போம்.

சண்டைக்கு வருகிறவர்கள் தாராளமாக வரலாம். வரும்போது அந்த இரண்டு 47க்கும் ஒரு பதிலைக் கையோடு கொண்டு வரவும்.