சில்லு மாறினால் சந்தை மாறுமா?

கணினி வாங்கப்போகும்போது விலை எவ்வளவு, நினைவகம் எவ்வளவு என்று கேட்கிறோம். அதன் மூளையாகிய முறைவழியாக்கி எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று கேட்பவர் குறைவு. ஆனால், தனியாள் கணினிச் சந்தையின் இன்றைய போட்டி அந்தக் கேள்வியைச் சுற்றியே நடக்கிறது.

ஒவ்வொரு முறைவழியாக்கிக் குடும்பத்துக்கும் தனியான கட்டளைமொழி உண்டு. 1978இல் இன்டெல் வெளியிட்ட 8086 சில்லுடன் பிறந்தது எக்ஸ்86. 1981இல் ஐ.பி.எம். தன் கணினிக்கு அதே குடும்பத்துச் சில்லைத் தெரிவுசெய்தது. மென்பொருள்கள் அந்த மொழிக்கே எழுதப்பட்டன. மென்பொருள் இருந்ததால் மக்கள் அதையே வாங்கினர். அந்தச் சில்லைச் செய்யும் உரிமை ஒரு சிலருக்கே இருந்ததால், சந்தை பெரும்பாலும் இன்டெல், ஏ.எம்.டி. ஆகிய இரு கம்பனிகளின் கைக்குள் அடங்கியது.

2020 நவம்பரில் அப்பிள், ஆர்ம் கட்டமைப்பில் தானே வடிவமைத்த எம்1 சில்லுடன் கணினிகளை வெளியிட்டது. அவை குறைந்த மின்சாரத்தில் வேகமாக இயங்கின. 2024இல் குவல்கொமின் ஆர்ம் சில்லுகளுடன் புதிய விண்டோஸ் மடிகணினிகள் வந்தன. அதே ஆண்டு ஒக்டோபரில், நெடுங்காலப் போட்டியாளர்களான இன்டெலும் ஏ.எம்.டி.யும் எக்ஸ்86இன் எதிர்காலத்துக்காக ஆலோசனைக் குழு அமைத்துக் கைகோத்தன.

சில்லு மாறினால் வாங்குபவருக்கு நன்மை தானாக வரும் என்பதை நான் ஏற்கவில்லை. 2012இல் மைக்ரோசொப்ட் ஆர்ம் சில்லுடன் வெளியிட்ட சேர்பஸ் ஆர்.டி., பழைய விண்டோஸ் மென்பொருள்களை இயக்கவில்லை. அது விலைபோகாமல், மறு ஆண்டில் 90 கோடி டொலர் நட்டக் கணக்கில் எழுதப்பட்டது. அப்பிளோ, பழைய மென்பொருள்களை மொழிபெயர்த்து இயக்கும் ரொசெட்டா 2ஐயும் சேர்த்தே தந்தது.

மேலும், ஆர்ம் பொதுச்சொத்தல்ல. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உள்ள ஒரு கம்பனியிடம் உரிமம் பெற்றாக வேண்டும். 2022இல் அக்கம்பனி உரிமம் தொடர்பாகக் குவல்கொம் மீதே வழக்குத் தொடுத்தது. இரு வீட்டுக்காரரை விட்டு ஒரு வீட்டுக்காரரிடம் குடிபோவது விடுதலையாகுமா? 2010இல் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ரிஸ்க்-வி கட்டமைப்பை உரிமக் கட்டணமின்றி எவரும் பயன்படுத்தலாம். ஆனால், தனியாள் கணினியில் அது இன்னும் காலூன்றவில்லை.

பெற்றோரே, புதுவகை மடிகணினி வாங்குமுன், பிள்ளைக்குத் தேவையான மென்பொருள் அதில் இயங்குமா என்று கேளுங்கள். கணினி பயிலும் சகோதரிகளே, எந்தச் சில்லிலும் இயங்கும் மென்பொருளை எழுதப் பழகுவோம். அத்தகைய மென்பொருள் பெருகினால்தான் எந்தக் கம்பனியாலும் நம்மைக் கட்டிவைக்க முடியாது.