பெண்கள் கொண்டுவந்த கோப்பை

அதிராம்பட்டினம், முத்துப்பேட்டைப் பக்கம் ஒருவரைக் காட்டி, "சந்தோஷ் டிராபி ஆடியவர்" என்று சொன்னால் போதும், டீக்கடையில் இடம் விட்டு எழுந்து நிற்பார்கள். மாநில அணிச் சட்டை போட்டவருக்கு ஆயுள் முழுக்க நிற்கும் மரியாதை அது.

சந்தோஷ் என்பது பழைய வங்காளத்தில் ஒரு ஜமீன். அதன் மகாராஜா மன்மதநாத் ராய் சௌத்ரியின் பெயரைத் தாங்கி 1941-ல் மாநில அணிகளுக்கான இந்த ஆண்கள் கால்பந்துப் போட்டி தொடங்கியது. முதல் கோப்பையை வென்ற வங்காளம் இதுவரை 33 முறை வென்றிருக்கிறது. பக்கத்து மைசூர் நாற்பதுகளிலேயே வாங்கிவிட்டது. கேரளம் 1973-ல் தொடங்கி ஏழு முறை. நமக்கு ஒன்றுகூட இல்லை. 2012-ல் கட்டக்கில் இறுதி ஆட்டம் வரை போய், சர்வீசஸ் அணியிடம் 3-2 என்று தோற்றோம். அந்த ஒரு கோல் இன்னும் பேசப்படுகிறது.

அதே கட்டக்கில் 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பெண்கள் தேசியக் கோப்பையை வென்றார்கள். எதிரில் நின்றது மணிப்பூர். 1991-ல் தொடங்கிய பெண்கள் தேசியப் போட்டியைத் தன் வீட்டுச் சொத்துபோல் வைத்திருந்த அணி. அவர்களை 2-1 என்று வீழ்த்தினார்கள். 2023 ஜூனில் அமிர்தசரசில் ஹரியானாவையும் அதே கணக்கில் வென்று மறுபடி கொண்டுவந்தார்கள். தோற்ற இறுதி ஆட்டத்தை நினைவு வைத்திருக்கும் ஊரில், வென்ற இரண்டைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் தெரியவில்லை. எனக்கு இது பொறுக்கவில்லை.

இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசனும் சந்தியா ரங்கநாதனும் கடலூர் மாவட்டத்துப் பெண்கள். கொள்ளிடத்தைத் தாண்டினால் அவர்கள் மாவட்டம். இந்துமதி போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர். பந்து வாங்கித் தந்த வேலை. சந்தியா அரசு விடுதியில் தங்கிப் படித்து வளர்ந்தவர். விடுதி, திடல், விடாத பயிற்சியாளர் மூன்றும் ஓர் இடத்தில் அமைந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கடலூர் சாட்சி.

நம் டெல்டாவில் முதலில் திடலே சிக்கல். தை அறுப்பு முடிந்தால் வயலெல்லாம் காலிதானே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே ஈரம் பார்த்து உளுந்து தெளித்துவிடுவோம். தாளுக்கு நடுவே இரண்டு இலை விட்டு நிற்கும் உளுந்தை மிதிக்க யார் விடுவார்கள்? ஆகவே பந்து ஆற்று மணலுக்குப் போகும். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்தால் அதுவும் இல்லை. மிஞ்சுவது பள்ளிக்கூடத் திடல். அங்கே நடுவில் பையன்கள் ஸ்டம்பு நட்டிருப்பார்கள். சுடிதார் பேன்ட்டுக்கு மேலே ஜெர்சியை மாட்டிக்கொண்டு பெண் பிள்ளைகள் சுவரோரமாகப் பந்தைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். ஆட்டம் சூடு பிடிக்கும் நேரத்தில், "பஸ்ஸு வந்துரும்டி" என்று ஒருத்தி பையைத் தூக்குவாள். அடுத்த டவுன் பஸ் இருட்டிய பிறகுதான், வீட்டில் விடமாட்டார்கள். மறுநாளும் இதே கதை.

தலைமையாசிரியர்களிடமும் பெற்றோர் ஆசிரியர் கழகங்களிடமும் கேட்கிறேன். வாரத்தில் மூன்று நாள், பள்ளி விட்டதிலிருந்து ஒன்றரை மணி நேரம், முழுத் திடலையும் பெண் பிள்ளைகளுக்கு விடுங்கள். அந்த மூன்று நாளும் அவர்களை வீட்டில் கொண்டுபோய் விட ஒரு வேன் வேண்டும். வாடகைக்கு ஊர்க்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் போதும். என் பங்கை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.