ஊசி வீணா?

"ஊசி ஏற்றினோம், ஆயினும் நோய் வந்தது. ஆகவே ஊசி வீண்" என்று கூறுவோர் இன்றும் உளர். இக்கூற்றின் முற்பகுதி உண்மை. முடிவோ பெருந் தவறு.

இலங்கையில் 2021 ஜனவரியில் ஏற்றத் தொடங்கிய கொவிட் தடுப்பூசி, 2019 இறுதியில் வூகானில் வெளிப்பட்ட ஆதி வைரஸைக் கொண்டு ஆக்கப்பட்டது. 2021 நவம்பரில் அறியப்பட்ட ஒமிக்ரோன் திரிபோ, தன் முட்புரதத்தில் 30க்கு மேற்பட்ட மாற்றங்களுடன் வந்தது. பழைய அடையாளத்தை வைத்துக் காவல்நின்ற பிறபொருளெதிரிகள் பகைவனை எளிதில் இனங்காணவில்லை, தொற்றுப் பரவிற்று. ஆயினும் உடலில் நினைவோடிருந்த டி-கலங்கள் பெரும்பாலும் ஏமாறவில்லை. ஆதலின் ஊசி ஏற்றியோரிடையே கடும் நோயும் மரணமும் வெகுவாகக் குறைந்தன.

அவநம்பிக்கைக்கு வித்திட்டவர் யாவர்? ஊசி ஏற்றினால் தொற்றே அணுகாது என வாக்களித்த உலகத் தலைவர் சிலரே! இன்புளுவென்சா ஊசி, வைரஸின் மாற்றத்துக்கேற்ப ஆண்டுதோறும் மீளாய்வு செய்யப்படுவதை அவர்கள் அறியாரா?

இந்த அவநம்பிக்கை குழந்தைகளின் சின்னமுத்து ஊசியையும் தொடுமாயின், விலைகொடுப்போர் பச்சிளஞ் சிறார்களே. ஊசி எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்பதை முன்கூட்டியே ஒளிவுமறைவின்றி உரைப்பது அரசுகளின் கடன். முழு உண்மையைத் தாங்கும் வலிமை மக்களுக்கு உண்டு என்பதே நமது துணிபு.