உப்பு வெட்டியவனுக்கு என்ன கிடைத்தது?



உலக சரித்திரத்திலேயே பெரிய பணக்காரர் யார் என்று கேட்டால், விஷயம் தெரிந்தவர்கள் 'மன்சா மூசா' என்பார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில், சகாரா பாலைவனத்தின் தென் ஓரத்தில் இருந்த மாலிப் பேரரசின் மன்னர் அவர். கி.பி. 1324-ல் மெக்காவுக்குப் புனிதப் பயணம் போகும் வழியில் கெய்ரோவில் தங்கினார். நூறு ஒட்டகச் சுமை தங்கத்தோடு புறப்பட்டார் என்று அல் உமரி என்ற அறிஞர் எழுதி வைத்திருக்கிறார். வாரி வாரிக் கொடுத்ததில் அந்த ஊரில் தங்கத்தின் விலையே இறங்கிப் போச்சு! 25 திர்ஹத்துக்குக் குறையாமல் விற்ற ஒரு மித்கால் தங்கம் (சுமார் நாலே கால் கிராம்), அப்புறம் 22-ஐத் தாண்டவில்லை. பன்னிரண்டு வருஷம் கழித்தும் அதே கதைதான். கடைசியில் மன்னர் ஊர் திரும்பக் காசில்லாமல் கெய்ரோ வியாபாரிகளிடமே கடன் வாங்கினாராம்!

இதை எல்லோரும் வாய் பிளந்து கேட்கிறோம். எனக்கு எழுவது வேறு கேள்வி. இவ்வளவு தங்கம் மன்னர் கைக்கு எப்படி வந்தது?

தெற்கே பம்புக், பூரே பகுதிகளில் தங்கம் கிடைத்தது, உப்புக்குப் பஞ்சம். வடக்கே பாலைவனத்தில் உப்புப் பாறை கிடந்தது, சோற்றுக்கு வழியில்லை. இந்த இரண்டையும் ஒட்டகம் இணைத்தது. நடுவில் இருந்த அரசு சுங்கம் வாங்கியது. மாலிக்கு முன்னால் அங்கே கானா என்ற அரசு இருந்தது (இன்றைய கானா நாடு வேறு இடம்). அதைப் பற்றி 1068-ல் அல் பக்ரி எழுதினார். ஒரு கழுதைச் சுமை உப்பு உள்ளே வந்தால் ஒரு தங்க தினார் வரி, வெளியே போனால் இரண்டு! தங்கக் கட்டி அகப்பட்டால் அது மன்னருக்கு. ஜனங்களுக்குத் தங்கத் தூள் மட்டும். மன்னர் கடப்பாறை பிடிக்கவில்லை, மூட்டை தூக்கவில்லை. வழியைக் கையில் வைத்திருந்தார், அவ்வளவுதான்.

சரி, உப்பு வெட்டியவன்?

1352-ல் மொரோக்கோ நாட்டு யாத்ரீகர் இப்னு பதூதா தகாசா என்ற உப்புச் சுரங்க ஊருக்கு வந்தார். அங்கே வீடும் உப்புப் பாளம், மசூதியும் உப்புப் பாளம். கூரை ஒட்டகத் தோல். ஒரு மரம் கிடையாது. தண்ணீரும் கரிக்கும். வெட்டியவர்கள் அடிமைகள். வெளியூரிலிருந்து வரும் பேரீச்சம்பழமும் தானியமும் ஒட்டகக் கறியும்தான் அவர்கள் சாப்பாடு. அவர்கள் வெட்டிய உப்பு ஒரு ஒட்டகச் சுமை, வாலாத்தா நகரில் 8 முதல் 10 மித்கால் தங்கம். மாலி தலைநகருக்குப் போனால் 20, 30; சில நேரம் 40! சரக்கு ஒன்றுதான், வெட்டிய கையும் ஒன்றுதான். விலை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

என் அப்பா மண்டியில் மூட்டை தூக்குகிறவர். எங்க வீட்டில் முதலில் கல்லூரி வாசல் மிதித்தவன் நான். சரக்கு விலை ஏறினாலும் தூக்குகிறவன் கூலி ஏறாது என்பதை எனக்கு எந்தப் பாடப் புத்தகமும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் அதே பயணத்தில் இன்னொரு தொழிலாளியும் வருகிறான். 'தக்ஷிஃப்' என்று பெயர். ஒட்டகக் கூட்டத்துக்கு முன்னால் தனி ஆளாகப் பாலைவனத்தைக் கடந்து வாலாத்தாவுக்குப் போய்ச் செய்தி சொல்ல வேண்டும். அங்குள்ளவர்கள் நாலு இரவுப் பயண தூரம் தண்ணீர் எடுத்துக்கொண்டு எதிரே வருவார்கள். அவன் வழி தவறினால் கூட்டமே காலி! இந்த ஒரு வேலைக்கு அவன் கூலி நூறு மித்கால் தங்கம். நம்ம கணக்கில் ஐம்பது சவரனுக்கு மேல்!

கஷ்டமான வேலைக்குத்தான் கூலி அதிகம் என்பது சும்மா பேச்சு. உப்புப் பாறை வெட்டுவதை விடவா கஷ்டம்? தக்ஷிஃபிடம் இரண்டு விஷயம் இருந்தது. ஒன்று, மற்றவனுக்குத் தெரியாத தொழில் அறிவு. இன்னொன்று, 'இந்தக் கூலிக்கு வர மாட்டேன்' என்று சொல்லும் சுதந்திரம். உப்பு வெட்டிய அடிமைக்கும் பாறையைப் பாளம் பாளமாக எடுக்கும் வித்தை தெரியும். மறுக்கும் உரிமை இல்லை. அதனால் அந்த வித்தைக்கு விலையும் இல்லை.

'அரசு இல்லாவிட்டால் வியாபாரம் எப்படி நடக்கும்?' என்று சில நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மாலியில் வழிப்போக்கனுக்குத் திருடன் பயம் இல்லை என்று இப்னு பதூதாவே பாராட்டுகிறார். காவலுக்கு வரி வாங்கியதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தச் செல்வத்தின் கணக்கை மன்சா மூசா பெயரில் மட்டும் எழுதுவது தப்புக் கணக்கு என்கிறேன். 1375-ல் ஐரோப்பாவில் வரைந்த காட்டலான் வரைபடத்தில் மூசா கையில் தங்கத்தோடு உட்கார்ந்திருக்கிறார். தகாசாவில் வெட்டியவன் எந்தப் படத்திலும் இல்லை.

நண்பர்களே, நாளைக்கு நாம் லேத்திலும் சைட்டிலும் நிற்கப் போகிறவர்கள். மூன்று வருஷப் படிப்பு நமக்குத் தொழில் அறிவைத் தரும். அது பாதிதான். 'இந்தச் சம்பளம் போதாது, இந்த மெஷினுக்குப் பாதுகாப்பு இல்லை' என்று ஒருத்தன் தனியாகச் சொன்னால் அடுத்த நாள் அவன் இடத்தில் வேறு ஆள் நிற்பான். சேர்ந்து சொன்னால்தான் அது பேச்சு. அந்த மீதிப் பாதியைக் கற்றுக்கொள்ளும் இடம் நம்ம மாணவர் மன்றம். வகுப்பைப் போலவே இதற்கும் தவறாமல் வாருங்கள்!