‘சிகரெட்டாவது இருக்கட்டுமே’

குடியை நிறுத்தியவருக்கு வீட்டில் முதல் வாரமே ஒரு சலுகை கிடைத்துவிடுகிறது. “குடி போனதே பெரிய விஷயம், சிகரெட்டாவது இருக்கட்டுமே. அதையும் பிடுங்கினா மறுபடி பாட்டிலைத் தேடிப் போயிடுவாரு.” மனைவி சொல்கிறார், அண்ணன் சொல்கிறார், போதை மீட்பு மையங்களில் வேலை செய்பவர்களிலும் சிலர் சொல்கிறார்கள். அக்கறையில் வரும் பேச்சுதான். ஆனாலும் அதை நம்பி இருக்கக் கூடாது.

சிகரெட் பதற்றத்தைத் தணிக்கிறது என்பது முதல் வாதம். இரத்தத்தில் நிகோடின் ஏறக்குறைய 2 மணி நேரத்தில் பாதியாகிவிடும். உடனே எரிச்சல் வரும், மனம் எதிலும் நிற்காது. அடுத்த சிகரெட் ஆற்றுவது பெரும்பாலும் முந்தைய சிகரெட் விட்டுப்போன இந்தத் தவிப்பைத்தான். புகையை விட்டவருக்கு அது 2, 3 நாளில் உச்சத்துக்குப் போய், 3, 4 வாரத்தில் பெருமளவு அடங்கிவிடும். விடாதவருக்குத் தினமும் பல முறை வந்துகொண்டே இருக்கும்.

இரண்டும் வேறு வேறு பழக்கம் என்பது அடுத்தது. டாஸ்மாக் பக்கத்துப் பெட்டிக்கடையைப் பாருங்கள். தண்ணீர் பாக்கெட், பிளாஸ்டிக் டம்ளர், ஊறுகாய், சில்லறைச் சிகரெட், பற்றவைக்கத் தொங்கும் கயிற்று நெருப்பு எல்லாம் ஒரே கையெட்டும் தூரத்தில். அங்கே பத்து வருடம் நின்றவரின் மூளை இந்த இரண்டையும் தனித்தனியாகப் பழகவில்லை. மதுவும் நிகோடினும் டோபமைன் என்ற ஒரே வேதிப்பொருளைத் தூண்டுகின்றன. மதுவை மறந்திருந்த எலிகளுக்கு ஆய்வகத்தில் நிகோடின் கொடுத்தபோது, மது வரும் நெம்புகோலை அவை மறுபடி அழுத்தத் தொடங்கின. உதட்டில் ஒதுக்கும் ஹான்ஸ் புகையிலையிலும் இருப்பது அதே நிகோடின்தான். “புகை இல்லையே” என்பதில் ஆறுதல் எதுவும் இல்லை.

புகையை விட்டால் குடி திரும்பும் என்பதுதான் எல்லோரையும் பயமுறுத்தும் வாதம். போதை சிகிச்சையில் இருந்தவர்களிடம் நடந்த 19 சோதனைகளை ஜூடித் புரோசாஸ்காவும் சகாக்களும் 2004இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். புகையை விட உதவி பெற்றவர்கள் நீண்ட காலம் மதுவையும் பிற போதையையும் தொடாமல் இருக்கும் வாய்ப்பு, உதவி பெறாதவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. அமெரிக்க மக்களிடம் மூன்றாண்டு இடைவெளியில் இருமுறை எடுத்த கணக்கெடுப்பிலும், குடிநோயிலிருந்து மீண்ட பின் தொடர்ந்து புகைத்தவர்களே அதிகம் சறுக்கினார்கள்.

எதிர்த்திசையில் போன ஓர் ஆய்வும் உண்டு, அதை மறைப்பது நியாயமல்ல. 2004இல் மின்னசோட்டாவில் 499 பேரிடம் நடந்தது. மது சிகிச்சையோடு சேர்த்தே புகையை விடவும் உதவி பெற்றவர்களைவிட, ஆறு மாதம் கழித்துப் பெற்றவர்கள் மதுவை விலக்குவதில் மேலாக இருந்தார்கள். ஆனால் அவர்களுக்கும் அந்த உதவி போய்ச் சேர்ந்தது. எப்போது தொடங்குவது என்பதில்தான் அந்த ஆய்வு கேள்வி எழுப்புகிறது. நம் வீடுகளில் அந்த ஆறு மாதம் முடிவதே இல்லை.

“முதலில் கொல்வது குடிதானே?” அதே மின்னசோட்டாவின் ஓம்ஸ்டெட் மாவட்டத்தில், 1972 முதல் 1983 வரை போதை சிகிச்சை பெற்ற 845 பேரைப் பின்தொடர்ந்து, 1996இல் முடிவை வெளியிட்டார்கள். காரணம் தெரிந்த மரணங்களில் புகையிலை தொடர்பானவை 50.9 சதவீதம், மது தொடர்பானவை 34.1 சதவீதம். குடியை விட உதவும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பில் வில்சன் 1934இல் குடியை விட்டார். 36 வருடம் தொடாமல் இருந்தார். கடும் புகைப்பழக்கம் கொண்ட அவர் 1971இல் இறந்தது எம்ஃபிசீமா என்ற நுரையீரல் நோயில்.

வரிசை ஒன்று உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். நாள்தோறும் நிறையக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம்; அந்த முதல் நாட்கள் மருத்துவர் பார்வையில்தான் கழிய வேண்டும். நிகோடினை நிறுத்துவதில் அந்த அபாயம் இல்லை. கை நடுக்கம் நின்று, தூக்கம் திரும்பியதும், “பீடியையும் விடலாமா?” என்று அவரிடமே கேளுங்கள். நிகோடின் சூயிங்கம் இருக்கிறது, மருத்துவர் எழுதித்தர வரெனிக்ளின் மாத்திரை இருக்கிறது, 1800-11-2356 என்ற தேசியக் கட்டணமில்லா எண் இருக்கிறது. சம்மதிப்பதா, தள்ளிப்போடுவதா என்று முடிவெடுக்க வேண்டியவர் அவர். வீட்டார் அவருக்காக முன்கூட்டியே ‘வேண்டாம்’ சொல்லிவிடக் கூடாது.