மணிக்கட்டில் ஒரு சிலுவை



முதன்முறையாகக் கையில் சிலுவையைப் பச்சை குத்திக்கொள்ள ஆயத்தமான கல்முனை இளைஞர் ஒருவர், "இது பாவமா, பாதர்?" என வினவினார். அயலிலுள்ள முஸ்லிம் நண்பர்கள், தங்கள் மார்க்கம் இதை விலக்குகிறது என்றார்களாம். லேவியர் 19:28-உம் விலக்குகிறதே! ஆயினும் அக்கட்டளை, இறந்தோருக்காக உடலைக் கீறிக்கொள்ளும் வழக்கத்தோடு சேர்த்துரைக்கப்பட்டது. திருச்சபை அதனை இன்று பொதுத் தடையாகக் கொள்வதில்லை.

எகிப்தின் கொப்திக் கிறிஸ்தவர் பலர் வலது மணிக்கட்டின் உட்புறத்தில் சிறு சிலுவை குத்திக்கொள்கின்றனர்; பலருக்குக் குழந்தைப் பருவத்திலேயே குத்தப்படுகிறது. அழகுக்காக அன்று. ஆபத்து வேளையில் மறைக்க இயலாத விசுவாச அறிக்கை அது. 2015-இல் லிபியக் கடற்கரையில் 21 பேர் விசுவாசத்திற்காகக் கொல்லப்பட்டனர். இருபதின்மர் கொப்திக்கர், மற்றவர் அச்சபையைச் சாராத கானா நாட்டவர். இருபத்தொருவரையும் திருத்தந்தை பிரான்சிஸ் 2023-இல் உரோமை மறைச்சாட்சியர் நூலில் சேர்த்தார்.

அக்கானா நாட்டவரைப் பற்றியே அவ்விளைஞரிடம் அதிகம் பேசினேன். தடுக்கவில்லை, அவசரம் வேண்டாம் என்றேன். புதிய ஊசிதானா என்று பார்த்துக்கொள்ளவும் சொன்னேன். பச்சை குத்தியபின் சில காலம் இரத்ததானம் செய்ய இயலாது. ஆகவே, முதலில் இரத்த வங்கிக்குப் போய்வரும்படி அனுப்பினேன்.